ஏழாவது வீட்டு அரிசி

போன சனிக்கிழமை பட்டணத்தில் ஒரு பிரெஞ்சு ஓட்டலுக்குப் போனேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை.

சண்டையா? இல்லை. சாப்பாடு பிடிக்கவில்லையா? அதுவும் இல்லை. அந்த மாதிரி வாசனையை என் நாற்பத்திரண்டு வயதில் நான் முகர்ந்ததே கிடையாது. பசியோ, காதை அடைத்தது. ஆனாலும் சாப்பிடவில்லை.

ஏனென்றால் அன்றைக்குப் புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மகள் அலமேலுவைத் தெரியும். தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நாலு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; போகும்போது காலில் இருந்த பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன், ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் சன்னதிக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன். சன்னதியில் நின்று ஒரு நாள் வாய் விட்டே சொன்னேன்.

"என் பெண்ணை நடக்க வை. மூன்று வருஷம், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்று விடாமல், செருப்பில்லாமல் என் காலால் நடந்து ஏழு வீட்டில் அரிசி வாங்கி உனக்குத் தளிகை போடுகிறேன். தளிகை ஆகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொட மாட்டேன்."

இப்போது அலமேலு நடக்கிறாள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். சாய்ந்தால் என்ன? எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் தனியாகப் போய் வருகிறாளே!

இது மூன்றாவது வருஷம். அதில் இதுதான் கடைசிச் சனிக்கிழமை. இதில் தவறினால் ஈடு செய்ய இன்னொரு சனிக்கிழமை இல்லை.

எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம்தான். சொம்புக்கு நாமம் போட்டு, கழுத்தில் துளசி சுற்றி, வீட்டு வாசலில் நின்று "கோவிந்தா" என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரம்மா ஒரு பிடி அரிசி கொண்டுவந்து போடுவார்கள். அதைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பதுதான் தளிகை. விளக்கு வைப்பதற்குள் ஏழு வீடும் முடிந்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு வாங்கினால் சேராது.

சரி… இதற்கு நடுவில் பிரெஞ்சு ஓட்டல் எங்கிருந்து வந்தது?

நான் வேலை செய்யும் பாக்டரிக்குப் புதிதாக ஒரு பெரிய பிரஸ் மிஷின் வந்தது. பிரான்ஸ் தேசத்து மிஷின். அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட பெர்னார் என்று ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் வந்தார். இரண்டு மாதம் எங்களோடு கிரீஸில் புரண்டார். கேன்டீனில் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை ட்ரையல் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். போவதற்கு முன் எங்களுக்கு அவர் ஊர்ச் சாப்பாடு போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பட்டணத்தில் அவர் தேசத்து அம்மா ஒருவர் புதிதாக ஓட்டல் திறந்திருக்கிறார்களாம்.

எங்களுக்கு என்றால் — நான், பென்னலூர் கன்னியப்பன், மணிமங்கலம் துலுக்காணம், எங்கள் சூப்பர்வைசர் சிகாமணி சார். மிஷினைப் பொருத்திய நாலு பேர்.

"சார், சனிக்கிழம நமக்கு ஆவாது. விரதம்" என்றேன்.

"யோவ் எத்திராஜ், நாலு பேரும் வரணும்னு சொல்லிட்டாருய்யா. ஒருத்தன் வராட்டியும் மனுஷன் மனசு கஷ்டப்படும். நீ சாப்பிடலேன்னா போ. வந்து உக்காரு, அது போதும்."

ஆசையும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

வேன் பன்னிரண்டு மணிக்கு வரும் என்றார்கள். அதற்குள் ஏழு வீடு முடித்துவிடலாம் என்று விடிந்ததும் குளித்து நாமம் போட்டுக் கிளம்பினேன். ஆறு வீடு ஆயிற்று. ஏழாவது வீட்டுக்குத் திரும்பும் முனையில், எங்கள் வீட்டு வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. மணி பதினொன்றுதான்! வேனுக்குள் பெர்னார் சிரித்துக்கொண்டு கை ஆட்டுகிறார். அவரை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லுங்க, ஒரு வீட்டில் அரிசி வாங்கி வருகிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம். நாமம் போட்ட நெற்றியில் என்ன வெட்கம்? இருந்ததே!

என் மனைவி ருக்மணி வாசலுக்கு ஓடி வந்தாள்; பின்னாலேயே அலமேலுவும் வந்து நின்றாள். "சொம்ப இப்பிடிக் குடுங்க. ஏழாவது வூட்டுக்கு நான் போயிக்கிறன்."

"என் காலால நடந்துன்னு வேண்டிக்கினேனே ருக்கு…"

"அப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"நாலு மணிக்குள்ள வந்துடுவேன். வந்ததும் முடிச்சிடறேன்."

அப்படித்தான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? கேன்டீனில் சைரன் ஊதினால் அரை மணி. அதிலும் பத்து நிமிஷம் கை கழுவுகிற க்யூவில் போய்விடும். கல்யாணப் பந்தியில் நாம் ரசத்துக்கு வரும்போதே அடுத்த பந்திக்காரர் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். ஒரு மனிதன் ஒரு வேளை சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? என் அனுபவத்தில் இருபது நிமிஷம். ரொம்ப மரியாதையாகச் சாப்பிட்டால் இருபத்தைந்து.

எதற்கும் இருக்கட்டும் என்று சொம்பை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

ஓட்டல் என்று பார்த்தால் பழைய பங்களா. பெரிய மரங்கள் இருந்த அமைதியான தெரு. உள்ளே பத்துப் பன்னிரண்டு மேஜை. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஒற்றைப் பூ. சுவரில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. அன்றைய சாப்பாட்டைச் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். சமையலறையை மூடிக்கூட வைக்கவில்லை. பாதிச் சுவர்தான். நடப்பதெல்லாம் நமக்குத் தெரியும்.

அங்கே வெள்ளைக் கோட்டு போட்டு, முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொண்டு நின்றார்கள் மேடம். ஐம்பது வயது இருக்கும். உதவிக்கு நம் ஊர் ஆட்கள் மூன்று பேர். அத்தனை வேலை நடக்கிறது, ஒரு சத்தம் இல்லை. நம் கல்யாணச் சமையல் கொட்டகையை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு உப்பு டப்பா வேண்டுமென்றால் ஊருக்கே கேட்கும்.

முதலில் ஒரு கூடையில் ரொட்டி வந்தது. நீளமாக, மேலே மொறுமொறுவென்று. பிட்டால் ஆவி வருகிறது. கன்னியப்பன் ஒரு துண்டு வாயில் போட்டான், கண்ணை மூடினான். அப்புறம் கூடையைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டான்.

"ஏம்பா, இன்னிக்கிப் புரட்டாசிபா. உனக்கும்தான்" என்றேன்.

"பெருமாளு பென்னலூர்ல கீறாரு. இது பட்டணம். கண்டுக்க மாட்டாரு."

பத்து நிமிஷத்தில் கூடை காலி. கன்னியப்பன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். "நல்லா இருந்துச்சி சார். போலாமா?"

எனக்கு உள்ளே குளிர்ந்தது. மணி ஒன்றேகால். மூன்று மணிக்கே ஊரில் இருக்கலாம்!

சிகாமணி சார் பல்லைக் கடித்தார். "உக்காருய்யா. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

ஆரம்பிக்கவே இல்லையா…?

வெங்காய சூப் வந்தது. சின்ன மண்சட்டியில், மேலே பாலாடைக்கட்டி உருகி, ஓரம் கருகி. வெங்காயத்தை மூன்று மணி நேரம் வதக்குவார்களாம். மூன்று மணி நேரம்! வெறும் வெங்காயத்துக்கு! அப்புறம் ஒரு கீரையும் முட்டையும். அப்புறம் வெண்ணெயில் வெந்த மீன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கால் மணி நேரம் சும்மா இருக்கிறார்கள். பேசுகிறார்கள். சிரிக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள். பக்கத்து மேஜைகளிலும் அப்படித்தான். யாருக்கும் சைரன் ஊதவில்லை.

நான் சாப்பிடாததால் எனக்கு ஒரே வேலை, வேடிக்கை பார்ப்பதுதான். பார்த்தேன்.

ஒரு தட்டு வெளியே வருவதற்கு முன் மேடம் குனிந்து பார்க்கிறார்கள். விளிம்பில் ஒரு சொட்டு குழம்பு பட்டிருந்தால் துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். பெருமாளுக்குத் திருமண் சாத்துகிற பட்டர் கை எப்படிப் போகும்? அப்படிப் போகிறது அந்தக் கை. தட்டு மேஜைக்கு வந்ததும் பாதிச் சுவருக்குப் பின்னால் நின்று, முதல் வாய் வைக்கிறவன் முகத்தையே பார்க்கிறார்கள். முகம் மலர்ந்தால் அடுத்த வேலைக்குத் திரும்புகிறார்கள். மலரும் வரைக்கும் திரும்புவதில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது ஓட்டலா? நைவேத்தியம் அல்லவா நடக்கிறது! தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறோமே, ஒரு வாய்க்கு நான் இப்படி முகம் மலர்ந்திருக்கிறேனா? என் வீட்டில் சமைக்கிறவள் என் முகத்தை இப்படிப் பார்த்து நின்றிருப்பாளே… நான் நிமிர்ந்திருக்கிறேனா?

துலுக்காணம் தண்ணீர் குடிக்கலாம் என்று கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். சர்வர் வந்தார், தட்டை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். பாதி மீன் அதில்!

"அய்யய்யோ, மீனு!" என்றான் துலுக்காணம்.

"நீ எலய மூடிட்டடா. அவுங்க ஊர்ல அப்பிடித்தான் போல" என்றான் கன்னியப்பன்.

பெர்னார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் சிரிப்பு அடங்கியது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். சிகாமணி சாருக்கு விரதத்தை இங்கிலீஷில் விளக்க அலுப்போ என்னவோ, வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிவிட்டார்.

"இன்னா சார் சொன்னீங்க?"

"வயிறு சரியில்லேன்னு சொன்னேன். விடுய்யா."

விட்டார்களா? பெர்னார் உள்ளே போய் மேடத்திடம் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் மேடமே ஒரு கோப்பையில் ஏதோ இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்தார்கள். கும்பிட்டு வேண்டாம் என்றேன். அடுத்து, உருளைக்கிழங்கைப் பால் விட்டு மசித்து, பிள்ளைக்கு ஊட்டுகிற பதத்தில் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். அடுத்து ஆப்பிளை வேக வைத்து. அதற்கும் தலை ஆட்டினேன்.

மூன்றாம் தடவை அவர்கள் முகம் வாடிவிட்டது. அந்த ஓட்டலில் மலராத முகம் என்னுடையது ஒன்றுதான். என்னால் தாங்க முடியவில்லை.

மணி மூன்று அடித்தது. கன்னியப்பன் சர்வரைப் பிடித்தான். அவர் நம் ஊர்க்காரர்தான்.

"அண்ணே, இன்னும் எத்தினி கீது?"

"சீஸ் வரும். அப்புறம் ஸ்வீட். அப்புறம் காபி."

"அப்புறம்?"

"அப்புறம் பேசிக்கிட்டிருப்பாங்க."

இவர்கள் பேசி முடித்து, வேன் ஊர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். மூன்று வருஷம். அத்தனை சனிக்கிழமையும் ஒரு வீடு குறையாமல் நடந்தேன். கடைசி வீட்டில், ஒரு மிஷினுக்காக, ஒரு மரியாதைக்காக, ஒரு ஆசைக்காக…

அலமேலு காலையில் வாசலில் நின்றாளே, அந்தக் கால் கண் முன்னால் வந்தது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருவில் வீடா இல்லை? பெரிய பெரிய வீடுகள். முதல் கேட்டில் கூர்க்கா நின்றார். சொம்பை எடுத்துக் காட்டினேன். "ஜாவ், ஜாவ்" என்று கையை வீசினார். இரண்டாவது கேட்டில் "கோவிந்தா" என்றேன். நாய்தான் வந்தது. மூன்றாவது வீடே இல்லை, ஏதோ ஆபீஸ். பிள்ளைப்பாக்கத்தில் முதல் குரலுக்கே கதவு திறக்கும். இங்கே கதவுக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு தோட்டமே இருக்கிறது. இன்னும் தள்ளிப் போனால் வழி தவறிவிடுவேன்.

திரும்பி வந்தேன். ஓட்டல் படியில் மேடம் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தேடி வந்திருக்கிறார்கள். என் கையில் சொம்பைப் பார்த்தார்கள். நாமத்தைப் பார்த்தார்கள். சொம்பு நாமத்தையும் நெற்றி நாமத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நான் தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் நான் கையை இடுப்பு உயரத்தில் வைத்து, இவ்வளவு உயரம் என் பெண், என்று காட்டிய இடத்தில் அவர்கள் கண் நின்றது.

அதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சிகாமணி சார் என் காதருகில், "மானத்த வாங்காதய்யா… ஓட்டல் வாசல்ல சொம்ப வச்சிக்கினு…" என்றார்.

"சார், வயித்துவலின்னு சொன்னீங்களே, அத மாத்திச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். அந்தம்மா அவங்க சமையல்ல குத்தம்னு நெனச்சிக்கினு நிக்கிறாங்க."

அவர் பெர்னார் பக்கம் திரும்பினார். பிறகு இங்கிலீஷில் மெள்ள மெள்ளச் சொன்னார். பெர்னார் அதை அவர்கள் பாஷையில் மேடத்துக்குச் சொன்னார். ஆறு என்று விரலைக் காட்டினார். ஏழு என்று காட்டினார். வானத்தைக் காட்டினார்.

கன்னியப்பன்தான் ஆரம்பித்தான். "தெருவெல்லாம் சுத்துறியே, இந்த வூட்டையே கேக்கறது?"

"ஓட்டலு எப்பிட்றா வூடாவும்?"

"ஏன் ஆவாது?" என்றான் துலுக்காணம். அவன் தன் ஊரில் பஜனைக் கோஷ்டி. இதிலெல்லாம் அவன் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. "அடுப்பு எரியணும், குடும்பம் படுத்து எழுந்திருக்கணும். அவ்ளோதான் வூடு. சார், இவங்க எங்க குடியிருக்காங்கன்னு கேளுங்க."

கேட்டார்கள். மாடியில்தான் குடித்தனம்!

எனக்கு இன்னும் ஒரு தயக்கம். மீன் வெந்த அடுப்பு. கோழி வெந்த அடுப்பு. இந்த வாசலில் பெருமாள் பேரைச் சொல்லலாமா? அந்த வினாடியே எனக்கு உறைத்தது. காலையில் ஆறு வீட்டில் வாங்கினேனே, ஒரு வீட்டிலாவது நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேனா? மூன்று வருஷமாகப் பெருமாள்தான் என்னை ஒரு கேள்வி கேட்டாரா? வாசலைச் சலித்துப் பார்க்க நான் யார்?

தெருவில் இறங்கி நின்றேன். படிக்கு வெளியே நிற்பதுதான் முறை. வாயைத் திறந்தேன்… குரல் வரவில்லை. பசியா, கூச்சமா, தெரியவில்லை. காற்றுதான் வந்தது.

கன்னியப்பன் வந்து என் இடப் பக்கம் நின்றான். செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தான். துலுக்காணம் வலப் பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்தார்கள் பாருங்கள் ஒரு குரல்—

"கோவிந்தா! கோவிந்தா!"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மூன்றாவது குரலில் என் குரலும் சேர்ந்துகொண்டது.

மேடம் உள்ளே ஓடினார்கள். தட்டோடு வந்தார்கள். பார்த்தால், சாதம்! வெண்ணெய் விட்டு, மேலே ஏதோ தழை தூவி, குவித்து அழகாக வைத்திருக்கிறார்கள். நான் கலங்கிப் போனேன். "சமைக்காத அரிசிம்மா… பச்சை அரிசி" என்றேன். பெர்னார் சொன்னார். சர்வர் ஓடிப் போய்ச் சமையலறை மூட்டையிலிருந்து ஒரு கிண்ணம் அரிசி கொண்டுவந்தார்.

மேடம் அந்தக் கிண்ணத்தைத் தடுத்தார்கள். கீழே ஓட்டலைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார்கள். மேலே மாடியைக் காட்டினார்கள். தடதடவென்று மரப்படி ஏறுகிற சத்தம் கேட்டது.

நான் அப்படியே நின்றேன். வீடு என்றால் எது என்று துலுக்காணம் தமிழில் பேசினதை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? பெர்னார் சொன்னாரா? அல்லது சமைக்கிறவர்களுக்குத் தானாகத் தெரியுமா? விற்கிற சோறு வேறு, வீட்டுச் சோறு வேறு என்று?

இறங்கி வந்தபோது வெள்ளைக் கோட்டு இல்லை. காலில் செருப்பு இல்லை. இரண்டு கையையும் குவித்து, அதில் அரிசி. நீட்ட நீட்டமான அரிசி. வாசற்படியில் நின்று, நான் நீட்டிய சொம்பில் மெள்ள விட்டார்கள். விரலிடுக்கில் நாலைந்து அரிசி கீழே சிந்தியது. அந்த வயதில், அந்தத் தெருவில், எல்லோரும் பார்க்கக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, ஊதி, சொம்பில் போட்டார்கள்.

சிகாமணி சார் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எனக்குக் கண் மறைத்தது. கும்பிட்டேன். மேடம் பெர்னார் மூலமாக இரண்டு கேள்வி கேட்டார்கள். முதல் கேள்வி: பெண்ணின் பெயர் என்ன? "அலமேலு" என்றேன். நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டாவது கேள்வி கேட்கும்போது மறுபடி பழைய மேடம் ஆகிவிட்டார்கள். சொம்புக்குள் எட்டிப் பார்த்து, புருவத்தைச் சுருக்கி, நீண்ட நேரம் பேசினார்கள். பெர்னார் சொல்லி, சிகாமணி சார் தமிழில் சொன்னார்.

"ஏழு வீட்டு அரிசி ஏழு விதமா இருக்குதே, எல்லாத்தையும் ஒரே பானையிலயா போடுவீங்க? ஒண்ணு கொழையும், ஒண்ணு வேகாதே… எப்படி சமாளிப்பீங்கன்னு கேக்கறாங்க."

மூன்று வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி!

"என் சம்சாரத்தத்தான் கேக்கணும் சார்."

அதைக் கேட்டு மேடம் முதல் முறையாக என்னைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்தார்கள். என் முகமும் மலர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால், அதற்குப் பிறகுதான் அவர்கள் அடுப்புக்குத் திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்கு வரும்போது ருக்மணி விளக்கு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பைக் கொடுத்தேன். விவரம் சொன்னேன். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். நீட்டு அரிசியைத் தனியே எடுக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஏழையும் சேர்த்துக் களைந்து பானையில் போட்டாள். நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

"இன்னா இப்பிடி பாக்கறீங்க?" என்றாள்.

"சும்மாதான்."

தளிகை ஆயிற்று. கற்பூரம் காட்டினோம். அலமேலு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து கை நீட்டினாள். முதல் வாய் வைத்துவிட்டு, பல்லில் நறுக்கென்று ஒன்று பட்டதும், "இது யாரு வூட்டு அரிசிம்மா?" என்று கேட்டாள்.

ருக்மணி சொன்னாள்: "ஏழாவது வூட்டுது. துன்னு."

திங்கட்கிழமை பாக்டரியில் ஒரே கேள்விதான். பிரெஞ்சு சாப்பாடு எப்படி இருந்தது? கன்னியப்பனும் துலுக்காணமும் ஒரு ஷிப்ட் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

தளிகைப் பொங்கலில் ஏழாவது வீட்டு அரிசி மட்டும் கொஞ்சம் வேகவில்லை. பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.